கரைப்பானே மூலப்பொருள் ஆனால்? மின்வேதித் தொகுப்பின் கணக்கு வழக்கு

மின்சாரத்தைக் கொண்டு வேதிப்பொருள் தயாரிக்கும் ஆய்வுகள் செய்தியாகும்போது, தனியாக வினைப்பொருள் எதுவும் சேர்க்கவில்லை, கரைப்பானே வினைப்பொருளாக வேலை செய்தது என்று ஒரு வரி அடிக்கடி வருகிறது. அதோடு சேர்த்து 'பசுமை வேதியியல்' என்ற முத்திரையும் விழுந்துவிடும். பள்ளிப் பாடத்தை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இது குழப்பம்தான். கரைப்பான் என்பது கரைப்பதற்கு. வேலை முடிந்ததும் அதைக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள். அது எப்படி விளைபொருளுக்குள் போய் உட்காரும்? உட்கார்ந்தால் அது லாபமா, நஷ்டமா?

முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதுக்கு ஒவ்வொரு கரைப்பானுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். சில கணக்குகள் அசத்தலாக நேராகின்றன. சிலவற்றில் பெரிய ஓட்டை இருக்கிறது.

அடிப்படை: கலத்துக்குள் என்ன நடக்கிறது

ஒரு கண்ணாடிக் கலம், அதில் ஒரு திரவம், திரவத்துக்குள் இரண்டு மின்வாய்கள், வெளியே ஒரு மின்வழங்கி. கரிம மின்வேதித் தொகுப்புக்கு வேண்டிய அடிப்படைச் சாமான் இவ்வளவுதான்.

1. நேர்மின்வாய் (ஆனோடு): இங்கே மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழக்கின்றன. இது ஆக்சிஜனேற்றம்.

2. எதிர்மின்வாய் (கேத்தோடு): இங்கே மூலக்கூறுகள் எலக்ட்ரானைப் பெறுகின்றன. இது ஆக்சிஜனொடுக்கம். ஒரு பக்கம் இழக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மறுபக்கம் பெறும் எண்ணிக்கையும் சமமாகத்தான் இருக்கும், தப்பிக்க வழியில்லை.

3. மின்பகுளி உப்பு: மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமத் திரவங்கள் தனியாக மின்சாரத்தைச் சரியாகக் கடத்தா. அதனால் ஓர் உப்பைக் கரைக்கிறார்கள்.

4. கரைப்பான்: கலத்தில் பெரும்பங்கு இதுதான். மற்ற எல்லாவற்றையும் கரைத்து, அயனிகள் நகர வழிவிடுவது இதன் வழக்கமான வேலை.

'பெரும்பங்கு' என்று சொன்னதை எண்ணில் பார்த்தால்தான் அதன் பலம் புரியும். ஒரு லிட்டர் தூய மெத்தனாலில் ஏறக்குறைய 24.7 மோல் மெத்தனால் இருக்கிறது. அசிட்டோநைட்ரைலில் 19 மோல், டைமெத்தில் சல்பாக்சைடில் 14, டைமெத்தில் ஃபார்மமைடில் 13. ஆய்வகத்தில் நாம் கரைக்கும் பொருளோ லிட்டருக்கு 0.1 மோல்தான் இருக்கும். அதாவது மெத்தனாலில் கரைந்த ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி ஏறக்குறைய 247 மெத்தனால் மூலக்கூறுகள். மின்வாயில் எலக்ட்ரானை இழந்து பதற்றத்தில் இருக்கும் ஒரு மூலக்கூறு முதலில் யார் மேல் போய் முட்டும்? பக்கத்தில் நிற்கும் கரைப்பான் மேல்தான்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம்

கரிமக் கரைப்பானுக்குப் போவதற்கு முன், காரைக்குடிப் பக்கம் ஓர் எட்டுப் பார்த்துவிடலாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் பல காலம் உழைத்து உருவாக்கிய முறைகளில் ஒன்று, நைட்ரோபென்சீனை மின்சாரத்தால் ஒடுக்கிப் பாரா-அமினோஃபீனால் தயாரிப்பது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலின் நேரடி மூலப்பொருள் இந்தப் பாரா-அமினோஃபீனால்.

இதில் எதிர்மின்வாய் செய்வது பாதி வேலைதான். நைட்ரோபென்சீன் எலக்ட்ரான்களைப் பெற்று ஃபீனைல்ஹைட்ராக்சிலமீன் ஆகிறது. சுற்றிலும் கந்தக அமிலம் கலந்த சூடான நீர். அமிலத்தில் அந்த மூலக்கூறு, நைட்ரஜன் மேல் இருந்த ஆக்சிஜனை நீராகக் கழற்றி விட்டுவிடுகிறது. கரைப்பானாக நிற்கும் வேறொரு நீர் மூலக்கூறு வளையத்தின் எதிர்முனையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, இந்த வழியில் தயாரான பாராசிட்டமால் மாத்திரையில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியின் ஆக்சிஜன் நைட்ரோபென்சீனிலிருந்து வந்ததல்ல, கரைப்பான் கொடுத்தது.

இதே வேலையைக் கரிமக் கரைப்பான்கள் செய்யும்போது ஆக்சிஜனோடு கார்பன், நைட்ரஜன் எல்லாம் சேர்ந்து வரலாம். அதனால்தான் இவ்வளவு ஆர்வம்.

யார் முதலில் எலக்ட்ரானை விடுவது?

கரைப்பான் வினையில் சேர இரண்டு வழிகள் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் வழியில் கரைப்பான் மின்வாயைத் தொடுவதே இல்லை. கரைபொருள் எலக்ட்ரானை இழந்து நேரயனி ஆகிறது. கரைப்பான் தன்னிடம் இருக்கும் தனித்த எலக்ட்ரான் ஜோடியை நீட்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி எலக்ட்ரான் ஜோடியை நீட்டும் பொருளைப் பாடநூல் கருக்கவர் பொருள் என்கிறது. மெத்தனாலின் ஆக்சிஜனும் அசிட்டோநைட்ரைலின் நைட்ரஜனும் செய்வது இதைத்தான்.

இரண்டாவது வழியில் கரைப்பானே மின்வாயில் எலக்ட்ரானை இழக்கிறது அல்லது பெறுகிறது. பெரும்பாலும் இது யாரும் விரும்பாத விபத்து. மெத்தனால் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஃபார்மால்டிஹைடு, அதற்கும் மேல் போனால் ஃபார்மிக் அமிலம். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தால் ஏன் உயிர் போகிறது, பார்வை போகிறது என்று 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் சாவுகளின்போது படித்திருப்போம். கல்லீரலில் நொதிகள் அதே மெத்தனாலை அதே வரிசையில்தான் ஃபார்மிக் அமிலம் வரை கொண்டுபோகின்றன. கலத்திலும் உடலிலும் பாதை ஒன்று, ஓட்டுநர் வேறு.

எந்த வழி நடக்கும் என்பதை முடிவு செய்வது மின்னழுத்தம். எலக்ட்ரானைப் பறிகொடுக்க எளிதான மூலக்கூறு எதுவோ அதுதான் முதலில் கொடுக்கும். பென்சீன் வளையத்தில் மெத்தில், மெத்தாக்சி போன்ற எலக்ட்ரானைத் தள்ளும் தொகுதிகள் இருந்தால் வளையம் சுலபமாகக் கொடுத்துவிடும். மெத்தனால் காத்திருந்து பிடிக்கும். வளையத்தில் நைட்ரோ தொகுதி இருந்தால் அது எலக்ட்ரானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது மெத்தனால்தான் முதலில் பலியாகும். ஒரே கரைப்பான், ஒரே மின்வாய், ஒரே மின்னோட்டம். ஆனால் முடிவு தலைகீழ்.

மெத்தனாலைக் கிட்டத்தில் பார்ப்போம்

மெத்தனாலைப் பொருளுக்குள் ஏற்றும் முறைகள் பழசு. டென்மார்க்கின் நீல்ஸ் கிளவ்சன்-காஸ் 1950களின் தொடக்கத்திலேயே ஃபியூரானை (ஓர் ஆக்சிஜன் உள்ள ஐந்தணு வளையம்) மெத்தனாலில் மின்பகுத்து, வளையத்தின் இருபக்கமும் மெத்தாக்சி தொகுதி, அதாவது மெத்தனால் ஒரு ஹைட்ரஜனை இழந்த மிச்சம், ஏற்றினார். அதில் முதலில் எலக்ட்ரானை விடுவது ஃபியூரானும் இல்லை, மெத்தனாலும் இல்லை. உப்பாகச் சேர்த்த அம்மோனியம் புரோமைடின் புரோமைடு. அது புரோமினாகி ஃபியூரானைத் தாக்க, அந்த இடத்தில் மெத்தனால் வந்து அமர, புரோமைடு திரும்பவும் மின்வாய்க்குப் போகிறது. ஜப்பானின் கியோட்டோவில் தத்சுயா ஷோனோ 1975இல் வெளியிட்ட முறை அமைடு, கார்பமேட் வகைப் பொருள்களில் நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் மெத்தாக்சியை வைத்தது. 'ஷோனோ ஆக்சிஜனேற்றம்' என்று இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இருந்தாலும் கணக்குக் கற்றுக்கொள்ள நல்ல உதாரணம் 4-டெர்ட்-பியூட்டைல்டொலுயீன். டொலுயீனின் ஒரு முனையில் கனத்த பியூட்டைல் தொகுதி. மறுமுனையில் சாதாரண மெத்தில். அந்த மெத்திலை ஆல்டிஹைடாக்க வேண்டும். மெத்தனாலில் படிகள் இவை:

1. வளையம் நேர்மின்வாயில் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது.

2. நேர்மின்சுமை ஏறிய மூலக்கூறு, மெத்திலிலிருந்து ஒரு புரோட்டானை உதிர்க்கிறது.

3. மிச்சமிருக்கும் தனியுறுப்பு (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) இன்னோர் எலக்ட்ரானையும் இழந்து கார்பன் நேரயனி ஆகிறது.

4. பக்கத்தில் நிற்கும் மெத்தனால் அதைப் பிடிக்கிறது. இப்போது கையில் இருப்பது ஒரு மெத்தில் ஈதர்.

5. இதே நான்கு படிகள் இன்னொரு முறை. அதே கார்பனில் இரண்டாவது மெத்தாக்சி ஏற, அசிட்டால் கிடைக்கிறது.

மொத்தம் நான்கு எலக்ட்ரான், இரண்டு மெத்தனால். அசிட்டாலை நீரில் அமிலம் சேர்த்து உடைத்தால் ஆல்டிஹைடு வரும், இரண்டு மெத்தனாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

இறுதிப் பொருளில் மெத்தனால் இல்லை என்றால் அதை ஏன் ஏற்ற வேண்டும்? ஆல்டிஹைடைக் கலத்துக்குள் வெறுமனே விட்டால் அது அமிலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டு மெத்தாக்சியும் அதற்குப் போர்வை மாதிரி. கலத்தை விட்டு வெளியே வந்த பிறகு போர்வையை எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஓர் ஆய்வக அளவில் வைத்துப் பார்ப்போம். 50 மில்லி மெத்தனாலில் 0.74 கிராம், அதாவது 5 மில்லிமோல், டெர்ட்-பியூட்டைல்டொலுயீனைக் கரைக்கிறோம். மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான் என்றால் மொத்தம் 1,930 கூலூம் மின்சுமை வேண்டும். 100 மில்லிஆம்பியர் ஓட்டினால், ஒரு துளி மின்சாரம்கூட வீணாகாது என்று வைத்தாலும் 5 மணி நேரம் 20 நிமிடம் ஆகும். அந்த 50 மில்லியில் இருக்கும் மெத்தனால் 1.23 மோல். வினையில் செலவாவது 0.01 மோல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 'கரைப்பானே வினைப்பொருள்' என்ற வரியைப் படிக்கும்போது, மீதி 99 பங்கு வெறும் கரைப்பானாகவே நின்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதைக் காய்ச்சி மீட்க வெப்பம் வேண்டும், ஆவியாகிப் போவதைப் பிடிக்கக் குளிர்விப்பான் வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உதிர்ந்த புரோட்டான்கள் எதிர்மின்வாய்க்குப் போய் ஹைட்ரஜன் வாயுவாகின்றன. மேலே சொன்ன சின்ன கலத்திலேயே அறை வெப்பநிலையில் ஏறக்குறைய கால் லிட்டர் ஹைட்ரஜன் வரும். மெத்தனால் ஆவியும் ஹைட்ரஜனும் கலந்த காற்று எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆலையில் வாயு வெளியேற்றம் சரியாக இல்லாவிட்டால் வேறெதைப் பேசியும் பயனில்லை.

ஜெர்மனியில் நேரான கணக்கு

எதிர்மின்வாயில் வரும் அந்த ஹைட்ரஜனை வீணாக்குவானேன், அங்கேயும் ஒரு விற்கத்தக்க பொருளைத் தயாரிக்கலாமே என்று யோசித்தது பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனம். 1999 முதல் ஆலை அளவில் நடத்திய அந்த முறைக்கு இணை மின்தொகுப்பு என்று பெயர். ஒரே கலத்தில், நடுவில் தடுப்புச் சவ்வு இல்லாமல், இரண்டு மின்வாயிலும் இரண்டு பொருள்.

நேர்மின்வாயில் மேலே பார்த்த அதே வினை. எதிர்மின்வாயில் டைமெத்தில் தாலேட் நான்கு எலக்ட்ரானைப் பெற்று தாலைடு என்ற பொருளாகிறது. பயிர்களுக்கான பூஞ்சணக்கொல்லி தயாரிப்பில் அது ஓர் இடைப்பொருள். இதில் கவனிக்க வேண்டியது, டைமெத்தில் தாலேட் தாலைடு ஆகும்போது இரண்டு மெத்தனாலை வெளியே விடுகிறது. நேர்மின்வாய் இரண்டு மெத்தனாலை எடுத்துக்கொள்கிறது, எதிர்மின்வாய் இரண்டைத் திருப்பிக் கொடுக்கிறது. கலத்தைப் பொறுத்தவரை மெத்தனால் வரவும் செலவும் சமம்.

கலத்துக்கு வெளியே போனால் கணக்கு இன்னும் அழகாகிறது. டைமெத்தில் தாலேட் எங்கிருந்து வந்தது? தாலிக் நீரிலியோடு இரண்டு மெத்தனாலைச் சேர்த்து வந்தது. அப்போது ஒரு நீர் வெளியேறும். அசிட்டாலை உடைக்க ஒரு நீர் தேவைப்பட்டது. அப்போது இரண்டு மெத்தனால் கிடைத்தது. எல்லாப் படிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தால் மெத்தனாலும் நீரும் முற்றாக அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது இது:

டெர்ட்-பியூட்டைல்டொலுயீன் + தாலிக் நீரிலி → டெர்ட்-பியூட்டைல்பென்சால்டிஹைடு + தாலைடு

டொலுயீனின் இரண்டு ஹைட்ரஜன் நீரிலிக்குப் போக, நீரிலியின் ஓர் ஆக்சிஜன் டொலுயீனுக்கு வந்திருக்கிறது. ஓர் அணுகூடக் கழிவாகவில்லை. காகிதத்தில் போட்ட கணக்குத்தான் இது. ஆலையில் பக்கவிளைவுகள் இருக்கும். ஆனாலும் இதே ஆல்டிஹைடைப் பழைய குளோரின் வழியில் செய்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெத்திலில் இரண்டு குளோரினை ஏற்றி, பிறகு நீரால் உடைக்கும் அந்த வழியில், 162 கிராம் ஆல்டிஹைடுக்கு நான்கு மோல், அதாவது 146 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வெளியே வரும். பொருளின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான அமிலம்.

மின்சாரச் செலவையும் பார்த்துவிடலாம். ஒரு மோல் அசிட்டாலுக்கு, அதாவது 208 கிராமுக்கு, 107 ஆம்பியர்-மணி மின்சுமை. கலத்தில் 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். கிலோவுக்கு இரண்டரை யூனிட் வரும். அதே மின்சாரம் மறுமின்வாயில் தாலைடையும் கொடுத்துவிடுகிறது என்பதால், ஓர் எலக்ட்ரானுக்கு இரண்டு கூலி வாங்கிய மாதிரி.

சரி, இவ்வளவு நேர்த்தியான முறைக்கு என்ன ஆயிற்று? அந்த ஆல்டிஹைடிலிருந்து செய்யப்படும் முக்கியப் பொருள்களில் ஒன்று லிலியால் என்ற பெயரில் பிரபலமான வாசனைப் பொருள். சோப்பு, ஷாம்பூ, வாசனைத் திரவியம் எல்லாவற்றிலும் இருந்தது. இனப்பெருக்க நலனுக்குக் கேடு என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுசாதனப் பொருள்களில் தடை செய்துவிட்டது. தயாரிப்பு முறை பசுமை என்பதும் தயாரிக்கும் பொருள் பாதுகாப்பானது என்பதும் வேறுவேறு கேள்விகள். செய்திகளில் இவை இரண்டும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன.

அசிட்டோநைட்ரைல்: பிடிக்கும் கை நைட்ரஜன்

மெத்தனால் ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது என்றால், அசிட்டோநைட்ரைல் கொண்டுவருவது நைட்ரஜன். மருந்து மூலக்கூறுகளில் நைட்ரஜன் இல்லாதவை குறைவு என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் ரிட்டர் 1948இல் வலுவான அமிலத்தில் செய்துகாட்டிய வினையை, 1960களில் சுவீடனின் லுண்ட் நகரில் லென்னார்ட் எபர்சனும் அவரோடு இருந்தவர்களும் நேர்மின்வாயில் செய்தார்கள்.

1. பென்சீன் வளையத்தோடு சேர்ந்த மெத்தில், முன்போலவே, கார்பன் நேரயனியாகிறது.

2. அசிட்டோநைட்ரைலின் நைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியால் அதைப் பிடிக்கிறது. உருவாகும் இடைநிலைக்கு நைட்ரிலியம் அயனி என்று பெயர்.

3. நைட்ரிலியம் அயனியை ஒரு நீர் மூலக்கூறு தாக்க, அது அசிட்டமைடாக நிலைகொள்கிறது.

மூன்றாவது படியில்தான் கைப்பக்குவம். நீர் வேண்டும், ஆனால் அதிகம் இருந்தால், அசிட்டோநைட்ரைலை முந்திக்கொண்டு நேரயனியைத் தானே பிடித்து ஆல்கஹாலாக்கிவிடும். ரசத்துக்குப் புளி கரைக்கிற மாதிரி அளவு தப்பக் கூடாது.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்றால், பலருக்கு உண்மையில் வேண்டியது அசிட்டமைடு அல்ல, அமீன். அசிட்டமைடிலிருந்து அமீனை எடுக்க வலுவான அமிலத்திலோ காரத்திலோ போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அப்போது அசிட்டோநைட்ரைலின் கார்பன்கள் அசிட்டிக் அமிலமாக வெளியேறிவிடும். 41 கிராம் அசிட்டோநைட்ரைலில் நமக்கு நின்றது 14 கிராம் நைட்ரஜன் மட்டுமே. மெத்தனால் போலத் திரும்பிவந்து கலத்தில் சேரும் வசதியும் இல்லை, ஏனென்றால் திரும்பி வருவது அசிட்டோநைட்ரைல் அல்ல, அசிட்டிக் அமிலம்.

விலை விஷயமும் இருக்கிறது. அசிட்டோநைட்ரைலைப் பெரும்பாலும் தனியாக யாரும் தயாரிப்பதில்லை. பிளாஸ்டிக்குக்கும் செயற்கை இழைக்கும் மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பில் கூடவே கிடைக்கும் உபபொருள் அது. 2008இன் பிற்பகுதியில் உலகப் பொருளாதாரச் சரிவில் கார், செயற்கை இழை வியாபாரம் படுத்தபோது அக்ரிலோநைட்ரைல் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டிச் சீனாவில் ஆலைகள் மூடல், டெக்சாஸில் ஐக் சூறாவளி என்று மேலும் இரண்டு அடி. அசிட்டோநைட்ரைல் விலை பல மடங்கு ஏறி, மருந்துத் தரப்பரிசோதனைக் கூடங்கள் திண்டாடின. வெறும் கரைப்பானாக வைத்திருந்தால் வேறொன்றுக்கு மாறிப் பார்க்கலாம். அதையே மூலப்பொருளாக்கிவிட்டால் மாற முடியாது. கரைப்பானை மாற்றினால் விளைபொருளே மாறிவிடும்.

அசிட்டோநைட்ரைலின் இந்தப் பிடிக்கும் குணம் சிலருக்கு இடைஞ்சல். அமெரிக்க வேதியியலாளர் ஃபில் பாரனின் ஆய்வுக்குழு 2019இல் கார்பாக்சிலிக் அமிலங்களிலிருந்து மின்வாயில் கார்பன் நேரயனி உண்டாக்கி, நெருக்கடியான இடங்களில் ஈதர் பிணைப்பு அமைத்துக் காட்டியது. நேரயனியை ஆல்கஹால் மட்டும்தான் பிடிக்க வேண்டும், கரைப்பான் குறுக்கே வரக் கூடாது. அங்கே பயன்பட்டது டைகுளோரோமீத்தேன், எலக்ட்ரான் ஜோடியை அவ்வளவு எளிதில் நீட்டாத திரவம்.

மற்ற இரண்டு, சுருக்கமாக

டைமெத்தில் ஃபார்மமைடு. இதுவும் ஓர் அமைடு என்பதால் மெத்தனாலோடு சேர்த்து நேர்மின்வாயில் விட்டால் இதற்கே ஷோனோ ஆக்சிஜனேற்றம் நடந்து மெத்தாக்சி ஏறிவிடும்; கரைப்பான் என்று நினைத்தது கரைபொருளின் இடத்துக்கு வந்துவிடும். எதிர்மின்வாய்ப் பக்கம் இதற்கு வேறு வேலை. 1980களின் இறுதியில் பிரான்ஸில், அரோமேட்டிக் ஹாலைடுகளை (பென்சீன் போன்ற வளையத்தோடு குளோரின், புரோமின் சேர்ந்தவை) ஒடுக்கி, டைமெத்தில் ஃபார்மமைடு தரும் ஃபார்மைல் தொகுதியை ஏற்றி ஆல்டிஹைடு செய்தார்கள். நேர்மின்வாயாக மக்னீசியத் தண்டு. வினை நடக்க நடக்க அது கரைந்துகொண்டே போகும். 73 கிராம் டைமெத்தில் ஃபார்மமைடில் 29 கிராம் மட்டும் பொருளில் நிற்கிறது. 45 கிராம் டைமெத்திலமீனாக வெளியேறுகிறது. கூடவே 24 கிராம் மக்னீசியம் உப்பாகிறது. இந்தக் கரைப்பானும் இனப்பெருக்க நலனுக்குக் கேடு என்பதால் 2023 டிசம்பர் 12 முதல் ஐரோப்பாவில் இதைக் கையாளக் கட்டுப்பாடுகள் உள்ளன.

டைமெத்தில் சல்பாக்சைடு. கியோட்டோவில் ஜுன்-இச்சி யோஷிடாவின் குழு இதன் ஆக்சிஜனால் கார்பன் நேரயனியைப் பிடிக்கவைத்து, பிறகு ஒரு காரத்தைச் சேர்த்துக் கார்பனைல் பொருள்களாக்கியது. ஆக்சிஜன் உள்ளே போக, டைமெத்தில் சல்ஃபைடு வெளியே வரும். அழுகிய முட்டைக்கோஸ் வாடை அது. ஆய்வகத்தில் ஒருவர் செய்தால் மாடி முழுக்கத் தெரியும். 78 கிராமில் 16 கிராம் பயன், 62 கிராம் நாற்றம்.

கரைப்பான்தான் உள்ளே போனது என்று எப்படித் தெரியும்?

மூன்று சோதனைகள் போதும்.

1. கரைப்பானை மாற்றிப் பார்ப்பது. மெத்தனாலுக்குப் பதில் எத்தனால் ஊற்றினால் விளைபொருளில் மெத்தாக்சி போய் எத்தாக்சி வர வேண்டும். அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் புரோப்பியோநைட்ரைல் என்றால் அசிட்டமைடுக்குப் பதில் புரோப்பியோனமைடு.

2. அடையாளமிட்ட கரைப்பான். மெத்தனாலின் மெத்தில் ஹைட்ரஜன்களுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் உள்ள மெத்தனாலில் வினையை நடத்தினால், 208 நிறையுள்ள அசிட்டால் 214 என்று, மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமாலையில் தெரியும். மெத்தாக்சி ஒன்றுக்கு மூன்று வீதம் ஆறு டியூட்டீரியம். சாதாரண அசிட்டாலின் புரோட்டான் என்எம்ஆரில் (மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் எந்தெந்தச் சூழலில் இருக்கின்றன என்று காட்டும் நிறமாலை) 3.3 பிபிஎம் அருகே ஆறு ஹைட்ரஜனுக்கான கூரான உச்சி ஒன்று இருக்கும். அடையாளமிட்ட பொருளில் அது காணாமல் போகும், 5.4 அருகே உள்ள ஒற்றை ஹைட்ரஜனின் உச்சி அப்படியே நிற்கும். ஒரே பார்வையில் வழக்கு முடிந்தது.

3. வெற்று ஓட்டம். கரைபொருளே இல்லாமல் கரைப்பானையும் உப்பையும் மட்டும் வைத்து அதே மின்னோட்டத்தை ஓட்டுவது. கரைப்பான் தானாக என்னவாகிறது என்பது இதில் வெளிப்படும். பலர் தவிர்க்கும் சோதனையும் இதுதான், தவிர்க்கக் கூடாதது.

'பசுமை' என்று சொன்னால் கேட்க வேண்டியவை

1. கரைப்பான் மூலக்கூறில் எத்தனை பங்கு பொருளில் நிற்கிறது, மீதி என்னவாக வெளியேறுகிறது? மெத்தனாலுக்கு நல்ல பதில் கிடைத்தது. டைமெத்தில் சல்பாக்சைடுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும்.

2. மறுமின்வாயில் என்ன நடந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாத அறிக்கை அரைக் கணக்கு. ஹைட்ரஜன் என்றால் சரி. மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகத் தண்டு கரைகிறது என்றால், வினைப்பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தண்டுதான் வினைப்பொருள்.

3. வினையில் சேராத கரைப்பானில் எவ்வளவு மீண்டது? செலவாவது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. காய்ச்சி எடுக்கையில் ஐந்து பங்கு ஆவியாகப் போனால், பொருளுக்குள் போனதைவிடக் காற்றில் போனது அதிகம்.

4. மின்பகுளி உப்பு எவ்வளவு, அது எங்கே போனது? ஆய்வகங்களில் பலரும் எடுத்துக்கொள்ளும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் டெட்ராஃபுளோரோபோரேட்டை வழக்கமான 0.1 மோல் செறிவில் 50 மில்லிக்குப் போட்டால் 1.65 கிராம். நாம் கரைத்த டொலுயீன் 0.74 கிராம்தான். மாற்ற வந்த பொருளைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள உப்பைக் கலத்தில் கரைத்துவிட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் வினைப்பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்கிறார்கள். பிஏஎஸ்எஃப் ஆலையில் கிராஃபைட் வட்டுகளை மிகக் குறுகிய இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்கு இந்த உப்பும் ஒரு காரணம். மின்வாய்கள் நெருங்க நெருங்க, மின்னோட்டம் மெத்தனாலைக் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. கரைக்க வேண்டிய உப்பும் குறைகிறது.